வான் பாயும் நாளில் பிறந்தவள்

சனவரி முதலாம் திகதி காலையில் என் கைத்தொலைபேசி ஓயாது. இன்று இவருக்குப் பிறந்தநாள், இவருக்கும் பிறந்தநாள், வாழ்த்துச் சொல்லுங்கள் என்று பெயர் பெயராகக் கொண்டுவந்து கொட்டும். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். வன்னியில் நம் காலத்தில் படித்தவர்களில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. என் மகள் அதைப் பார்த்துவிட்டு, "ஏனம்மா, உங்கட ஊர் ஆஸ்பத்திரி வருசத்தில ஒரு நாள்தானோ திறக்கிறது?" என்று கேட்டாள்.

எல்லாம் பள்ளிக்கூடங்கள் செய்த வேலை. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளையைச் சேர்க்க வந்தால், தலைமை வாத்தியார்மார் சனவரி ஒன்று என்று போட்டுவிடுவார்கள். வயதைக் கணக்குப் பார்க்க அவர்களுக்கு இலகு. அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அப்படிச் சனவரி ஒன்றில் பிறந்தவர்களில் ஒருத்திக்கு மட்டும் நான் அன்று வாழ்த்துச் சொல்வதில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வாள். இது அவளைப் பற்றிய கதை. சீனி வருத்தக் குளிசையும் முழங்கால் எண்ணெயுமாகிவிட்ட என் வயதுக்காரர்களுக்குத்தான் எழுதுகிறேன். இளசுகளுக்கு இது விளங்காது.

இரணைமடுப் பக்கம், ஆனால் இரணைமடு இல்லை. அதற்குச் சில மைல் கட்டை தள்ளி ஒரு சின்னக் குளம், அதன் கட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பு வரைதான். பாதிக்கு ஓடு, பாதிக்குக் கிடுகு. முற்றத்தில் ஒரு வேம்பும், குண்டுவீச்சுக்கு ஒளிய வெட்டிய ஒரு பங்கரும். வேம்பில் தாச்சி விளையாட்டுக்கு எல்லை வைப்போம், பங்கருக்குள் ஒளித்துப் பிடிப்போம். பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய், சவர்க்காரம், மெழுகுதிரி, பற்றரி எல்லாம் கண்ணில் காணக் கிடைக்காத சாமான்கள். நாங்கள் ஒன்றும் குறைந்துபோனதாக நினைக்கவில்லை. கூடக் கிடைத்த காலத்தைப் பார்த்திருந்தால் அல்லவா குறைவு தெரியும்.

வகுப்பில் மூன்று விதமான பிள்ளைகள். யாழ்ப்பாணத்தில் இருந்து காணி கிடைத்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் ஒரு பக்கம், அதில் நான் ஒருத்தி. நாயாற்றில் இருந்து இடம்பெயர்ந்து வந்த, கத்தோலிக்க வேதக்கார மீன்பிடிக் குடும்பங்களின் பிள்ளைகள் கொஞ்சம். மலைநாட்டுத் தோட்டங்களில் இருந்து கலவரத்துக்கு ஓடிவந்து, இங்கே வயல் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் கொஞ்சம். நாங்கள் "ரீச்சர்" என்போம், அவர்கள் "டீச்சர்" என்பார்கள். நாங்கள் "ஓம்" என்றால் அவர்கள் "ஆமாங்க" என்பார்கள். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அவர்கள் திருப்பி எங்கள் "ஓம்" ஐ மூக்கால் இழுத்துச் சொல்லிக் காட்டுவார்கள். அதில் சரிக்குச் சரி.

என்னோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்தவள் ஒரு மலைநாட்டுப் பிள்ளை. என் வாங்குத் தோழி. எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிய ஒற்றைப் பின்னல், எப்போதும் ஈரம் காயாத பாவாடை ஓரம். குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்து வயல் வரம்பால் வருவாள். அவளிடம் ஒரு குணம், மெல்லத்தான் பேசுவாள். ஆனால் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான், ஆனை கட்டி இழுத்தாலும் மாறாது.

அந்த வருடம் வைகாசியில் புதிதாக ஒரு ரீச்சர் வந்தா. புளியங்குளத்துக்காரி, கலியாணம் ஆகாதவ, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் தங்கிப் படிப்பித்தா. வந்த முதல் கிழமையே ஒரு அறிவிப்பு. "இனி எங்கட வகுப்பில ஒவ்வொரு பிள்ளையின்ர பிறந்தநாளும் கொண்டாடுவம். அண்டைக்கு அந்தப் பிள்ளை ராசா, ராணி. எல்லாரும் எழும்பி உங்கட பிறந்தநாளைச் சொல்லுங்கோ."

எழும்பினோம், சொன்னோம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் கனபேருக்குத் திகதி தெரியாது, நட்சத்திரம்தான் தெரியும். "ஆடி மாதம் பூரம்" என்றேன் நான் பெருமையாக. வேதக்காரப் பிள்ளைகள் திகதியோடு அன்றைய புனிதரையும் சேர்த்துச் சொன்னார்கள். என் வாங்குத் தோழியின் முறை வந்தது. எழும்பினாள். பாவாடையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"குளம் வான் பாயுற அன்னிக்குங்க டீச்சர்."

வகுப்பே சிரித்தது. நானும் நன்றாகச் சிரித்தேன். குளக்கட்டில் ஒரு ஓரத்தைத் தாழ்வாக விட்டுச் சீமெந்தால் கட்டியிருப்பார்கள். அதுதான் வான். மாரியில் குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அதற்கு மேலால் வழிந்து ஓடும். அது எந்த நாளிலும் நடக்கலாம், கார்த்திகையிலும் நடக்கும், தையிலும் நடக்கும், சில வருடம் நடக்கவே நடக்காது. அது எப்படி ஒருத்தியின் பிறந்தநாளாகும்?

"அது ஒரு நாளில்லைப் பிள்ளை. வரவு இடாப்பில உமக்குச் சனவரி ஒண்டு எண்டு கிடக்கு" என்றா ரீச்சர்.

"அது எங்க நாளில்லீங்க. பெரிய வாத்தியாரு போட்டதுங்க."

"சனவரி ஒண்டில பள்ளிக்கூடமும் இல்லை. சரி, பக்கத்தில இருக்கிற பிள்ளையோட சேர்த்துக் கொண்டாடுவமோ? ஆடிப் பூரம் நல்ல நாள்."

"வேணாங்க. அது அவ நாளு."

எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. என் நாளை யாரோடும் பங்குபோட எனக்கு மனமில்லை. ரீச்சருக்கு முகம் சுருங்கிவிட்டது. பிள்ளைக்கு அடம், கொஞ்ச நாளில் சரிவரும் என்று நினைத்திருப்பா. நல்ல மனிசிதான், ஆனால் அந்த இடத்தில் பிள்ளையைப் பிழையாகக் கணித்துவிட்டா.

முதல் பிறந்தநாள் நாயாற்றுப் பெடியனுக்கு வந்தது. அந்தோனியார் திருநாளுக்கு அடுத்த நாள். அவன் தாய் பனங்கட்டி போட்டுக் கிண்டிய தொதலை வாழையிலையில் சுற்றிக் கொடுத்துவிட்டிருந்தா. கேக் இல்லை, மெழுகுதிரியும் இல்லை. ரீச்சர் தன் ஜாம் போத்தல் விளக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா. உங்களுக்கு அது ஞாபகம் இருக்கும். போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சில் ஊறக் கொஞ்சம் மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக் கட்டைக்குள் நூல்திரி, அதைப் பிடிக்க ஒரு கம்பி. நாம் எல்லாம் அந்த வெளிச்சத்தில்தான் படித்தோம். இன்றைக்கு என் கண்ணாடி இவ்வளவு தடிப்பாக இருப்பதற்கும் அதுதான் காரணம் என்று கண் டொக்டரிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை.

நாயாற்றுப் பெடியன் போத்தல் வாய்க்குள் முகத்தை விட்டு ஒரே ஊது. விளக்கு நூர்ந்தது. மூக்கு நுனியில் கரி. நாங்கள் கைதட்டினோம். தொதல் பல்லில் ஒட்டியது, அன்று முழுக்க நாக்கால் துழாவித் துழாவி அந்த இனிப்பை வைத்திருந்தேன்.

அடுத்தது என் நாள். ரீச்சர் இடாப்பில் என் திகதியைப் பார்த்து அதன்படி வைத்தா. நானும் ஊதினேன். எனக்கும் கரி பட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு அதை ஒரு வித்தை மாதிரி நடித்துக் காட்டினேன். அம்மாவின் கை அரிசி களைந்த சட்டியிலேயே நின்றுவிட்டது.

"விளக்கை வாயால ஊதி நூர்த்தனியோ?"

அடுத்த நாள் காலை அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தா. வெயிலுக்கு ஒரு பெரிய கறுத்தக் குடை. அது ஐயா கொழும்பில் இருந்து எப்போதோ வாங்கிவந்தது, மரப் பிடி, அம்மாவின் செல்வம். வகுப்பு வாசலில் அதைச் சுருக்கி நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்றா.

"ரீச்சர், நான் சண்டைக்கு வரேல்லை" என்று தொடங்கினா. அம்மா அப்படித் தொடங்கினால் சண்டைதான். "விளக்கிலை லச்சுமி இருக்கிறா. பிறந்த நாளும் அதுவுமா அதை எச்சில் வாயால ஊதி நூர்க்கப் பிள்ளையளுக்குக் காட்டிக் குடுக்கிறதோ? இதென்ன பழக்கம்?"

ரீச்சர் வெருண்டுபோனா. "குறை நினையாதேங்கோ அம்மா. எனக்கு அந்த யோசனை வரேல்லை."

நாயாற்றுப் பெடியன் எழும்பினான். அவனுக்கு வாய் சும்மா கிடவாது. "எங்கட வீட்டில ஊதினால்தான் பிறந்தநாள். ஊதாட்டி அது வெறும் நாள்" என்றான்.

அம்மா அவனைப் பார்த்தா. ரீச்சர் அம்மாவைப் பார்த்தா.  பிறகு ரீச்சர், "அப்ப இப்பிடிச் செய்வம். ஊதுறவை ஊதட்டும், ஏத்துறவை ஏத்தட்டும். விளக்கு ஒண்டுதானே" என்றா.

"அப்ப என்ர பிள்ளை ஏத்தோணும்" என்றா அம்மா. "அதுவும் பூரத்தண்டு."

அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் அதுதான் சட்டம். வேதக்காரப் பிள்ளைகளுக்கு எரிகிற விளக்கு வரும், அவர்கள் ஊதுவார்கள். எங்களுக்கு எரியாத விளக்கு வரும், நாங்கள் ஏற்றுவோம். பாடம் முடிய ரீச்சர் ஒரு செவ்வரத்தம்பூவால் திரியை அமர்த்தி நூர்ப்பா. அந்தப் பூவைப் பிறந்தநாள் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பூ முழுக்க மண்ணெண்ணெய் மணக்கும். இன்றைக்கும் மண்ணெண்ணெய் மணந்தால் எனக்கு யாருக்கோ பிறந்தநாள் என்றுதான் தோன்றும்.

அப்படியாக எனக்கு அந்த வருடம் இரண்டு பிறந்தநாள். இரண்டாவதுக்கு அம்மா மோதகம் அவித்துத் தந்துவிட்டா. நான் ஏற்றி முடித்து, மோதகத்தைப் பகிர்ந்துகொண்டு வரும்போது நாயாற்றுப் பெடியன் வாயில் மோதகத்தோடு கேட்டான்.

"ரீச்சர், இவளுக்கு ரெண்டு பிறந்தநாள். அதில ஒண்டு வருசா வருசம் வேற வேற திகதியில வருமாம். எங்கட உயிர்த்த ஞாயிறும் ஒவ்வொரு வருசமும் மாறித்தான் வருது. அப்ப அவளின்ர நாள் மாறினால் மட்டும் ஏன் நாங்கள் சிரிச்சனாங்கள்?"

என் வாங்குத் தோழி தலை நிமிரவில்லை. கையில் இருந்த மோதகத்தை உருட்டிக்கொண்டு இருந்தாள். ரீச்சர் கதிரையில் இருந்துவிட்டா. பிறகு அவளிடம் வந்து, "வான் பாயட்டும் பிள்ளை. பாயிற அண்டைக்கு உமக்குப் பிறந்தநாள். விளக்கு ஏத்துவம்" என்றா.

"பள்ளிக்கூடம் மூடுறதுக்குள்ள பாயணுங்களே டீச்சர்" என்றாள் அவள்.

அங்கேதான் சிக்கல். ஐந்தாம் வகுப்போடு அந்தப் பள்ளிக்கூடம் முடிந்தது. மார்கழி பிறக்க விடுமுறை, தையில் நாங்கள் ஆளுக்கொரு பெரிய பள்ளிக்கூடம். ரீச்சரும் இருக்கமாட்டா, விளக்கும் இருக்காது. ஆடி மாதத்தில் குளம் வற்றி நடுவில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

அன்று பின்னேரம் வீட்டில் இதைச் சொன்னேன். அம்மா சிரித்தா. "பெத்த நாள் தெரியாத சனம்" என்றா. அம்மா கெட்டவ இல்லை. ஆனால் மலைநாட்டுச் சனத்தைப் பற்றிக் கதைக்கும்போது ஒரு உதட்டுச் சுழிப்பு இருக்கும். அவர்கள் வீட்டில் ஒன்றும் வாயில் வைக்கக்கூடாது என்பது எனக்குப் போட்ட கட்டளை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அம்மாவும் சொன்னதில்லை.

ஐயா கைகால் கழுவிக்கொண்டு வந்து குந்தினார். "அந்தப் பிள்ளை சொன்னது சரி" என்றார்.

"என்ன சரி?"

"வான் பாய்ஞ்ச அண்டைக்குத்தான் பிறந்தது. அவையின்ர குடில் வானுக்கு அங்கால. தாய்க்கு நோவு கண்டிட்டுது, இங்கால கொண்டு வர வழியில்லை, தண்ணி இடுப்பளவு இழுக்குது. நாங்கள் நாலு பேர் சாக்குக் கட்டிலோட அந்த மனிசியைத் தூக்கிக்கொண்டு வானைக் கடந்தனாங்கள். இஞ்சாலை மருதமரத்தடியில கட்டிலை இறக்கி வைக்கிறம், பிள்ளை அழுகிற சத்தம் கேக்குது. திகதி ஆருக்குத் தெரியும்? மார்கழிக் கடைசியோ, தை முதலோ. ரெண்டு கிழமையா ஒரே மழை."

அம்மா கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினா. "இதை நீங்கள் எனக்குச் சொல்லேல்லையே."

"அப்ப நீ இவளை வயித்தில வைச்சிருந்தனி. பயப்பிடுவாய் எண்டு சொல்லேல்லை. பிறகு நீ கேக்கேல்லை."

 அம்மா ஐயாவுக்குச் சோறு போடும்போது அகப்பை கொஞ்சம் பலமாகச் சட்டியில் தட்டுப்பட்டது.

புரட்டாதி, ஐப்பசி என்று மாதம் போனது. மற்றவர்களின் பிறந்தநாள்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. ஒரு பிள்ளைக்கு எள்ளுருண்டை பகிர்ந்துகொண்டிருக்கும்போது குண்டு போடும் பொம்பர் வந்துவிட்டது. பங்கருக்குள் ஓடினோம். பிறந்தநாள் பிள்ளை தட்டை விடாமல் தலையில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். மேலே அது சுற்றிச் சுற்றி இரைந்துகொண்டு நிற்க, இருட்டுக்குள் எள்ளுருண்டை கை மாறியது. யாருக்கோ இரண்டு கிடைத்தது, யார் என்று கடைசிவரை தெரியவில்லை. நான் இல்லை.

ஐப்பசியில் மழை இறங்கியது. என் வாங்குத் தோழி ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் வரும் வழியில் வானில் ஏறிக் குப்புறப் படுத்து, கையைக் கீழே விட்டுத் தண்ணீரை அளந்துவிட்டு வருவாள். அதனால் அவளுடைய சட்டை நெஞ்சில் எப்போதும் பாசி அப்பியிருக்கும். வகுப்புக்குள் அவள் வரும்போது முதலில் ரீச்சர்தான் கேட்பா.

"குளம் எவ்வளவு?"

"இன்னும் ரெண்டு மொழங்க டீச்சர்."

பிறகு கேள்வி வகுப்பு முழுவதுக்கும் வந்துவிட்டது. குளம் எவ்வளவு, குளம் எவ்வளவு. வீட்டில் ஐயாவும் என்னிடம் கேட்கத் தொடங்கினார். காலபோக நெல்லுக்கும் அந்தத் தண்ணீர்தான் என்றாலும், அவர் நெல்லுக்காக மட்டும் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். கார்த்திகையில் மழை நின்றுபோனது. வெயில் எறித்தது. ஒன்றரை முழத்தில் தண்ணீர் அப்படியே நின்றது. அவள் அளந்துவிட்டு வந்து ஒன்றும் சொல்லாமல் இருந்தால் நாங்களும் கேட்கமாட்டோம்.

பள்ளிக்கூடம் மூடும் நாள் வந்தது. வகுப்பில் பிறந்தநாள் கொண்டாடாத பிள்ளை அவள் ஒருத்திதான். ரீச்சர் அவளைக் கூப்பிட்டு, "இண்டைக்கே ஏத்துவமே பிள்ளை? வான் பாய்ஞ்ச மாதிரி நினைப்பம்" என்றா. எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவளுடைய கண் நிரம்பிவிட்டது. தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று. எனக்கு அன்று அவளில் கோபம் வந்தது. என்ன பிடிவாதம், ஒரு நாளை எடுத்துக்கொண்டால் என்ன, எல்லோருக்கும் மனம் லேசாகுமே என்று நினைத்தேன்.

ரீச்சர் விளக்கை என் கையில் தந்தா. "நீர் வைச்சிரும். பாய்ஞ்சால் எனக்குச் சொல்லி அனுப்புங்கோ. நான் எங்க நிண்டாலும் வருவன்" என்று சொல்லிவிட்டுப் புளியங்குளத்துக்கு பஸ் ஏறினா. பெரிய ஆட்கள் அப்படிச் சொல்வார்கள் என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் நம்பவில்லை.

திருவெம்பாவை தொடங்கிய அன்று மழை திரும்ப வந்தது. அது மழை இல்லை, யாரோ மேலே இருந்து அண்டா கவிழ்த்த மாதிரி. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் விடியக் கோயில் சங்குச் சத்தத்துக்கு எழும்பினேன். சங்குக்குப் பின்னால் வேறொரு இரைச்சல் கேட்டது. ஐயா முற்றத்தில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று காது கொடுத்தார்.

"பாய்ஞ்சிட்டுது" என்றார். "பிள்ளை, விளக்கை எடு. நான் முதல் பஸ்காரனிட்டைச் சொல்லி விடுறன்."

நாங்கள் வானடிக்குப் போனபோது பாதி ஊர் அங்கே நின்றது. வான் பாய்ந்தால் மீன் எதிர்த்து ஏறும். ஆட்கள் வலையோடும் பறியோடும் வெறுங்கையோடும் தண்ணீருக்குள் இறங்கி நின்றார்கள். ஜப்பான் மீன் என்று நாங்கள் சொல்லும் குளத்து மீன் துள்ளித் துள்ளி வரம்பில் விழுந்தது. நாயாற்றுப் பெடியன் முழங்காலளவு தண்ணீரில் நின்று, கடலில் பிறந்தவனுக்குக் குளத்து மீன் ஒரு மீனா என்று பெருமையடித்துக்கொண்டே வழுக்கி விழுந்தான். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, இரைச்சல்தான் கூப்பிட்டது.

அவள் மருதமரத்தடியில் தாயோடு நின்றாள். நல்ல பாவாடை, தலையில் பூ. அந்தத் தாயை நான் அன்றுதான் கிட்டப் பார்த்தேன். சின்ன உருவம், பெரிய சிரிப்பு. மரத்தடியில் மூன்று கல் வைத்து, மேலே ஒரு தறப்பாளை இழுத்துக் கட்டி, மீன் பொரித்துக்கொண்டிருந்தா. வருகிற பிள்ளைக்கெல்லாம் தேக்கிலையில் ஒரு துண்டு.

விளக்கு என் கையில் இருந்தது. "ஏத்துவமே?" என்று கேட்டேன்.

"டீச்சர் வரட்டும்" என்றாள்.

"அவ வரமாட்டா."

"வருவாங்க."

மத்தியானம் கழிந்தது. மழை நின்று நின்று பெய்தது. பிள்ளைகளில் சிலர் வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். அப்போதுதான் அம்மா குடையோடு என்னைத் தேடி வந்தா. வந்தவ, மருதமரத்தைப் பார்த்தவுடன் கொஞ்சம் தயங்கினா. அவளுடைய தாய் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழும்பினா.

"வாங்கம்மா. உங்க வீட்டுக்காரர் அன்னிக்குத் தோள் குடுக்கலைன்னா இந்தப் புள்ளையும் இல்ல, நானும் இல்ல. வந்து சொல்லணும்னு எத்தனையோ வாட்டி நெனைச்சேன். கூச்சமா இருந்துச்சு."

அம்மா குடைப் பிடியை மற்றக் கைக்கு மாற்றினா.  "திருவெம்பாவை. நாங்கள் மச்சம் தொடுறேல்லை" என்று எதையோ சொல்லத்தானே வேண்டும் என்பதுபோலச் சொன்னா.

"தெரியுங்கம்மா. உங்க பக்கத்துப் புள்ளைங்களுக்குன்னு கெழங்கு தனியா அவிச்சு வச்சிருக்கேன். வேற சட்டி, வேற கரண்டிங்க."

ஒரு மூடிய சட்டியைத் திறந்தா. ஆவி பறக்க மரவள்ளிக்கிழங்கு, மேலே தேங்காய்ப்பூ. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா குடையை என்னிடம் தந்துவிட்டு, இரண்டு கையாலும் இலையை வாங்கினா. ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டா.

"நல்லா அவிஞ்சிருக்கு" என்றா. பிறகு எனக்கு ஒரு துண்டைத் தந்தா. அந்தக் கட்டளை அன்றோடு முடிந்தது, அதைப் பற்றி வீட்டில் ஒரு சொல் கூட நடக்கவில்லை.

பொழுது சரியும் நேரத்தில் குளக்கட்டால் ஒரு உழவு மெசின் வந்தது. பெட்டிக்குள் நெல்லு மூட்டைகளுக்கு நடுவில், பொலித்தீன் உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு ஆள் இருந்தது. ரீச்சர்தான். பஸ் வழியில் சேற்றில் இறங்கிவிட்டதாம். சேலை முழங்கால் வரை சேறு. இறங்கும்போதே கேட்டா.

"குளம் எவ்வளவு?"

"நெறைஞ்சிருச்சுங்க டீச்சர்!" என்றாள் அவள். சொல்லிவிட்டு அழுதாள். ரீச்சரும் அழுதா. நாங்கள் எல்லோரும் கத்தினோம்.

ரீச்சர் மடியில் இருந்து பொலித்தீனில் சுற்றிய நெருப்புப் பெட்டியை எடுத்தா. அம்மா என்னிடம் இருந்து குடையைப் பறித்து விரித்து விளக்குக்கு மேலே பிடித்தா. முதல் குச்சி நனைந்தது, இரண்டாவது முறிந்தது. மூன்றாவது பற்றியது. அவள் திரியை ஏற்றினாள். அந்தச் சின்ன வெளிச்சம் அவள் மூக்கில் விழுந்தது மட்டும் எனக்கு இன்னும் தெரிகிறது. நாங்கள் கைதட்டத் தொடங்க, குளத்துப் பக்கம் இருந்து ஒரு காற்று வந்தது. குடை படாரென்று மறுபக்கம் திரும்பியது, மழை போத்தலுக்குள் கொட்டியது, விளக்கு நூர்ந்தது.

கைதட்டல் நின்றுவிட்டது. எல்லோரும் அம்மாவைத்தான் பார்த்தோம். விளக்கை ஊதி நூர்க்கக்கூடாது என்று வகுப்பு வாசலில் நின்று சொன்னவ அவ. தோழியின் தாய் வாயைப் பொத்திக்கொண்டா.

அம்மா கம்பி வளைந்த குடையைப் பார்த்தா, விளக்கைப் பார்த்தா, என் தோழியைப் பார்த்தா.

"ஒருத்தரும் ஊதேல்லையே. காத்துத்தானே ஊதினது" என்றா. "இவ்வளவு நாள் காத்திருந்த பிள்ளைக்கு ஏத்தவும் கிடைச்சிட்டுது, ஊதவும் கிடைச்சிட்டுது. திருப்பிக் கொளுத்து மோனை."

மோனை என்ற சொல்லை அம்மா என்னையும் ஐயாவின் கன்றுக்குட்டியையும் தவிர வேறு யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் திருப்பி ஏற்றினாள். இந்த முறை எங்கள் எல்லோருடைய கையும் விளக்கைச் சுற்றி இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். ஊர் எத்தனை தரம் எழும்பி ஓடியது, எத்தனை தரம் திரும்பி வந்து இருந்தது. அந்தக் குடை ஏதோ ஒரு இடப்பெயர்வில் போனது, விளக்கு அதற்கு முன்பே போனது. அம்மாவும் இல்லை. நாயாற்றுப் பெடியன் கனடாவில், தலையில் ஒரு மயிர் இல்லை. ரீச்சர் இரட்டைக் கண்ணாடியோடு புளியங்குளத்தில் பேரனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறா. நான் வவுனியாவில். என் வாங்குத் தோழி மட்டும் குளத்துக்குக் கிட்டத் திரும்பிப் போய்விட்டாள். இப்போது அவளுக்குச் சொந்தமாக வயல் இருக்கிறது. குளம் வான் பாயாத வருடம் தனக்கு வயது ஏறாது என்பது அவளுடைய கணக்கு. அந்தக் கணக்கில் அவள் இன்னும் முப்பதுகளில் நிற்கிறாள். நான்தான் வருடம் தவறாமல் ஏறிக்கொண்டிருக்கிறேன்.

மார்கழி பிறந்தால் கைத்தொலைபேசியில் எங்கள் வகுப்புக் குழுவில் வேறு கதை இராது. நேற்றும் கனடாவில் இருந்து முதல் ஆளாக அவன்தான் கேட்டான்: "குளம் எவ்வளவு?"

கொஞ்ச நேரத்தில் அவளுடைய பதில் வந்தது. "இன்னும் ஒரு சாண்."

இங்கே மழை இருட்டிக்கொண்டு வருகிறது. நான் குடையை எடுத்துக் கதவுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கிறேன்.